பதில்: டெர்மினேட்டர் – 'அந்திக்கோடு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

டிஜிட்டல் கேமராவில் நிலவைப் படமெடுக்கும் கையேட்டில் 'டெர்மினேட்டர்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நிலவின் பகல் பாதியும் இரவுப் பாதியும் சந்திக்கும் இடம் அது. அதற்குத் தமிழில் 'அந்திக்கோடு' என்று வரைவில் போட்டிருந்தேன். வந்த மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

> 'விடிகோடு' இன்னும் சின்னது, அழகாகவும் இருக்கிறதே?

அழகுதான், ஆனால் வளர்பிறைக்கு மட்டுமே பொருந்தும். அப்போது நாம் பார்க்கும் கோட்டில் சூரியன் உதிக்கிறது. பௌர்ணமி கழிந்தால் அதே கோட்டில் மறைகிறது. தேய்பிறைப் படத்துக்குக் கீழே விடிகோடு என்று எழுத எனக்குக் கை வராது. அந்தி இரண்டுக்கும் பொது. 'காலை அந்தியும் மாலை அந்தியும்' என்று புறநானூற்றிலேயே (34) இருக்கிறது.

> நிலவில் காற்றே இல்லை. அப்புறம் அந்தி வெளிச்சம் ஏது?

நியாயமான கேள்வி. அங்கே வானம் சிவக்காதுதான். ஆனால் அந்தி என்பது பகலும் இரவும் கூடும் வேளைக்கும் பெயர். அந்த வேளை நிலவில் உண்டு, அதுவும் வெகு நிதானமாக. சூரிய வட்டம் முழுதாக மேலே வர நம் ஊரில் இரண்டு மூன்று நிமிடம். நிலவின் நடுக்கோட்டுப் பகுதியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோடு அங்கே நகர்வதும் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர், சைக்கிள் வேகம்தான்.

> 'ஒளி-நிழல் எல்லை' போதாதா?

போதாது. சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் நிலவின்மேல் வளைவாக ஏறுகிறதே, அதுவும் ஒளி-நிழல் எல்லைதான். கையேட்டில் கிரகணத்துக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது, இரண்டும் குழம்பும். போதாக்குறைக்கு ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் ஒளியும் நிழலும் வருகின்றன. வளர்பிறை ஒன்பதாம் நாள் வாக்கில் கோபர்நிக்கஸ் பள்ளத்தைப் பாருங்கள்: 93 கிலோமீட்டர் அகலம், உள்ளே பாதி இருட்டு, சுற்றுச்சுவர் மட்டும் பளிச்சென்று. பௌர்ணமியில் அதே இடம் வெள்ளைத் திட்டாகத் தட்டையாகிவிடும்.

வெறும் 'விளிம்பு' என்று சொன்னவர்களுக்கு: அந்தச் சொல்லை வட்டத்தின் ஓரத்துக்கு விட்டுவைக்க வேண்டும். அரைநிலவில் பிரகாசமான பக்கம் விளிம்பு, மங்கலான பக்கம் அந்திக்கோடு. கேமராவில் இரண்டையும் ஒன்றாக நடத்த முடியாது. முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 11, ஷட்டர் 1/100 நொடி வைத்தால் வேலை முடிந்தது. அரைநிலவின் அந்திக்கோட்டருகே இதே அளவு பள்ளங்களைக் கருப்பாக விழுங்கிவிடும், துளையை எஃப் 5.6 வரையாவது திறக்க வேண்டும் (எண் குறைந்தால் துளை பெரிது). ஆட்டோவில் விட்டாலோ, கேமரா சுற்றியுள்ள கருப்பு வானத்தை நம்பி நிலவை வெளுக்க வைத்துவிடும்.

'நிலா அந்திக்கோடு' என்று முன்னொட்டு சேர்க்கும் யோசனையும் வேண்டாம். விண்வெளியிலிருந்து எடுத்த பூமிப் படங்களிலும் இதே கோடு உண்டு. சொல் பொதுவாகவே இருக்கட்டும்.

'அந்திக்கோட்டில் ஃபோகஸ் செய்யவும்', 'அந்திக்கோட்டை ஒட்டிய மலைகள்' என்று வரைவில் எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. வேறு மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். எர்த்ஷைனுக்கு (பூமியில் பட்டுத் திரும்பி நிலவின் இருண்ட பகுதியில் விழும் மங்கலான ஒளி) 'புவியொளி'யா 'மறுவொளி'யா என்று கேட்டவர் தயவுசெய்து தனி இழை தொடங்கவும், இதிலேயே கலந்தால் பிறகு தேடி எடுக்க முடியாது.