மறு: சிங்க் – எல்லாவற்றுக்கும் 'ஒத்திசைவு' போதுமா?

வணக்கம்.

> சிங்க் (sync, இரண்டு இடங்களிலுள்ள கோப்புகளை ஒன்றுபோல ஆக்குதல்) என்பதற்கு 'ஒத்திசைவு' நிலைத்துவிட்டது. மறுபடி ஏன் கிளற வேண்டும்?

நிலைத்தது உண்மைதான், கைப்பேசித் திரை வரை வந்துவிட்டது. அதை மாற்றச் சொல்லவில்லை. இரண்டு வேறு வேலைகளை அந்த ஒரே சொல்லில் அடைப்பதைத்தான் மறுக்கிறேன்.

போன மாதம் பட்ட பாடு இது. வெளி வன்தட்டைச் செருகி, ஒரு செயலியில் 'ஒத்திசை' பொத்தானை அழுத்தினேன். இரண்டு பக்கத்துப் படங்களும் ஒன்றுசேரும் என்றுதான் நினைத்தேன். அதுவோ மடிக்கணினியை மூலமாக எடுத்துக்கொண்டு, அங்கே இல்லாததையெல்லாம் வன்தட்டிலிருந்து துடைத்துவிட்டது. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன.

இசைதல் என்றால் இருதரப்பும் உடன்படுதல். யூனிசன் என்ற ஒத்திசைவு மென்பொருள் செய்வது அதுதான். கடைசியாக இரு பக்கமும் ஒன்றாக இருந்த நிலையை அது குறித்து வைத்திருக்கும். அதனால் ஒரு கோப்பு இங்கே அழிக்கப்பட்டதா, அங்கே புதிதாக வந்ததா என்று அதற்குத் தெரியும். 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற நகலெடுப்பு மென்பொருளுக்கோ பெயரில்தான் சிங்க், போக்கு ஒருவழி. வலையில் அனுப்பும்போது மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பி இலக்கை மூலம்போல ஆக்கும். அழிக்கும் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால், இலக்கில் மிகுதியாக இருப்பவை போய்விடும்.

இதற்கு 'ஒப்பாக்கு' என்று வைக்கலாம். வேற்றுமை உருபே திசையைச் சொல்லிவிடும்: "வன்தட்டை மடிக்கணினியோடு ஒத்திசை", "வன்தட்டை மடிக்கணினிக்கு ஒப்பாக்கு". 'ஓடு' வந்தால் இரண்டும் மாறலாம். 'கு' வந்தால் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும், 'ஐ' ஏற்றதுதான் மாறும்.

> 'பிரதிபலி' இருக்கிறதே?

"மக்கள் விருப்பத்தைப் பிரதிபலிக்கிறது" என்று எழுதி எழுதித் தேய்ந்த சொல். அழியும் என்ற எச்சரிக்கை அதில் துளியும் இல்லை.

கான்ஃப்ளிக்டுக்கு 'முரண்பாடு' வேண்டாம், 'பிணக்கு' போதும். ஒரே கோப்பை இரண்டு கணினியில் திருத்தினால், சிங்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் ஒன்றின் பெயரில் தேதியும் நேரமும் சேர்த்துப் பக்கத்திலேயே வைக்கும். அது 'பிணக்குப்படி'. பிணக்கு என்றாலே யாராவது உட்கார்ந்து தீர்த்துவைக்க வேண்டும் என்பது புரியும்.

எதையும் மாற்றாமல், என்ன மாறும் என்று மட்டும் காட்டும் டிரை ரன்னுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை, 'ஒத்திகை' இருக்கிறது.

பெயர்ச்சொல் 'ஒப்பாக்கமா', 'ஒப்பாக்கலா' என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம். 'ஆக்கம்' படைப்பு என்ற பொருளுக்கு இழுப்பதால் 'ஒப்பாக்கல்' பக்கம் சாய்கிறேன். உங்கள் கருத்து?