கிரேஸி மோகன் நாடகங்களும் சேலத்துக்காரர்களும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மோகன் நகரிலிருந்து:

நகைச்சுவை நாடகங்களும் சினிமா வசனமும் எழுதிய கிரேஸி மோகனை நான் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் அவர் எழுதிய வசனத்தைப் பேசி நடித்திருக்கிறேன். அவரைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது என்றே நினைக்கிறேன்.

சேலம் உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பொங்கலுக்குக் குடியிருப்பில் நாடகம் போடுவோம். அதுவரை குடும்பக் கதைதான், கடைசிக் காட்சியில் எல்லோரும் அழ வேண்டும். ஒரு வருடம் மாது, சீனு என்ற பாத்திரங்கள் வருகிற கிரேஸி நாடகம் ஒன்றை எடுத்தோம். எங்கள் குழுவில் ஓர் அண்ணன் இருந்தார். சின்ன வயதில் கோயில் திருவிழாக்களில் பபூன் வேஷம் கட்டியவர், மேடையில் நின்ற இடத்தில் வசனம் உண்டாக்குவார். ஊர்ப் பெயர், தக்காளி விலை, முன்வரிசையில் தூங்குகிறவர் என்று எது கிடைத்தாலும் அவருக்குச் சிரிப்புதான். அவரும் சேர்ந்து நடிக்கிறார் என்றதும் நாடகத்தில் சேலத்துச் சமாச்சாரங்களைப் புகுத்திவிடுவார் என்று நினைத்தோம். நாலைந்து பக்கம் படித்துவிட்டு அவர் சொன்னது வேறு: “தம்பி, இதுல கை வைக்காதீங்க. இங்க ஒரு வரிய எடுத்தா மூணு பக்கம் தள்ளி ஒரு சிரிப்பு செத்துப்போகும்.”

மேடையில் எதையும் மாற்றிப் பழகிய மனிதர் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம். கிரேஸி மோகன் கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். அந்தப் படிப்பு வசனத்தில் தெரியும். கியர் பல் போல ஒவ்வொரு வரியும் அடுத்ததைப் பிடித்துச் சுற்றுகிறது. ஒருவன் ஒரு பொய் சொல்வான், அதை மூட இன்னொரு பொய், அதை மூன்றாவது ஆள் தப்பாகக் காதில் வாங்கிக்கொள்வான். கேட்பதற்கு வெட்டிப் பேச்சு மாதிரி இருக்கும். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால்தான் எவ்வளவு கணக்காக எழுதியிருக்கிறார் என்று புரியும்.

நாடகத்தன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. மயிலாப்பூர்ப் பேச்சு நம்ம ஊரில் எடுபடுமா என்று பயம் இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வார்த்தை விளையாட்டுக்குச் சிரித்தார்கள். பின்வரிசையில், சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து வந்திருந்தவர்கள், மாட்டிக்கொண்டு முழிக்கிறவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரே காட்சியில் இரண்டு சிரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ‘கிரேஸி ஜோக் என்றால் சிலேடைதானே’ என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். சிலேடையை எடுத்துவிட்டாலும் அந்தக் காட்சி தன் காலில் நிற்கும்.

அந்த அண்ணன் அன்று செய்ததையும் சொல்ல வேண்டும். சபை சிரித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த வரியைச் சொன்னால் யாருக்கும் கேட்காது, சும்மா நின்றால் நடிகன் காத்திருப்பது தெரிந்துவிடும். அவர் காலி எவர்சில்வர் டம்ளரை எடுத்து, தலையை அண்ணாந்து, தண்ணீர் குடிப்பது போலவே நின்றார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்த நேரம், டம்ளரை ‘டக்’கென்று மேஜையில் வைத்தார். அந்தச் சத்தத்தோடு வசனம் வந்தது. முழுக்க அடங்கியபின் பேசியிருந்தால் சபை ஆறிப்போயிருக்கும்.

ஏற்காட்டிலிருந்து, பள்ளி ஆசிரியை:

அவருடைய கதாநாயகிகளுக்கு ஏன் ஜானகி என்று பெயர் என்று என் மாணவிகள் கேட்பார்கள். ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘அவ்வை சண்முகி’, ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ மூன்றிலும் ஜானகிதான். சின்ன வயதில் அவரை மேடை ஏற்றிய ஆசிரியையின் பெயர் அது. இத்தனை புகழ் வந்த பிறகும் ஒரு டீச்சரை படத்துக்குப் படம் நினைத்திருக்கிறார். ஆண்டு விழாவுக்கு நாடகம் பழக்கும் நேரத்தில் எனக்கு இது நினைவுக்கு வரும். பின்வரிசையில் கூச்சப்பட்டு நிற்கிற பிள்ளைக்கும் இரண்டு வரி வசனமாவது கொடுத்துவிடுவேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

நான் சென்னைக்குப் போயிருந்தபோது அவருடைய ‘சாக்லேட் கிருஷ்ணா’ நாடகம் பார்த்தேன். கிருஷ்ணர் வேஷத்தில் அவரே வந்தார், மாதுவாக அவர் தம்பி மாது பாலாஜி. எழுதியவர், அவர் பெயரில்தான் குழுவே நடக்கிறது, ஆனால் ஓட்டமும் தவிப்பும் தம்பிக்குத்தான். தம்பி கைதட்டல் வாங்கும்போது அண்ணன் புல்லாங்குழலோடு நின்று ரசித்தார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2019 ஜூன் 10 அன்று அவர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, கடையை அடைத்துவிட்டு அவர் வசனம் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தைப் போட்டுப் பார்த்தோம். வீட்டில் எல்லோரும் சிரித்தோம், அம்மா மட்டும் நடுவில் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் தெருப் பையன்கள் ஆடித் திருவிழாவுக்கு அவர் நாடகம் போட ஆசைப்படுகிறார்கள். சினிமா வசனமே வாயில் வரும் பையன்கள். சரிப்பட்டு வருமா?

மறுபடியும் மோகன் நகரிலிருந்து:

தாராளமாகப் போடட்டும். கிரேஸி மோகனும் நாடக மேடையில்தான் ஆரம்பித்தார். 1976-இல் எஸ்.வி. சேகர் குழுவுக்கு எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகம்தான் அவர் பெயருக்கு முன்னால் ‘கிரேஸி’யை ஒட்ட வைத்தது. 1979-இல் சொந்தக் குழு. ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தைத்தான் கே. பாலசந்தர் 1983-இல் ‘பொய்க்கால் குதிரை’யாகப் படமாக்கினார். சினிமாவுக்குப் போன பிறகும் அவர் நாடகத்தை விடவில்லை.

ஒரே வீட்டுக்கூடத்தில் நடக்கிற கதையாகப் பாருங்கள், செட் செலவு மிச்சம். நாடகத்தின் உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். முதல் பத்து நாள் நடிப்பே வேண்டாம், வட்டமாக உட்கார்ந்து வேகமாகப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் மைக். திருவிழாவில் ஸ்பீக்கர் கோயிலைப் பார்த்துக் கட்டியிருப்பார்கள், அதைச் சனங்கள் பக்கம் திருப்பச் சொல்லிவிடுங்கள். இந்த நாடகத்தில் ஒரு வரி காதில் விழாவிட்டாலும் அடுத்த ஐந்து நிமிஷம் போச்சு.