ஆட்டைத் திவசக் குழுவில் வந்த காணொளி

குழு: அப்பப்பாவின் குடும்பம், திருகோணமலை
குழு விளக்கம்: அப்பப்பா தமிழ் வாத்தியார். ஆகையால் இங்கே முழு வாக்கியத்தில் எழுதவும். அரைகுறையாக எழுதுபவர்களுக்கு வடை கிடையாது.

மாலை 6.41 – வசந்தி மாமி: ஐயர் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டைக் கடையில் சொல்வதா, வீட்டில் சமைப்பதா என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். முப்பத்தொன்றாம் நாள் பாதிப் பந்தியோடு வடை முடிந்துபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

6.44 – ரவி: வீட்டில்தான் சமைக்க வேண்டும். கடைச் சாப்பாட்டை அப்பப்பா வாயில் வைத்ததில்லை.

6.45 – வசந்தி மாமி: சமைக்கப்போவது நீரா?

6.52 – ரவி: [காணொளி, பலமுறை பகிரப்பட்டது] உப்புவெளியில் இன்று மத்தியானம் நடந்தது. எல்லோரும் கவனமாக வண்டி ஓட்டுங்கள்.

6.53 – சுதன்: யாருடைய பிள்ளை என்று தெரியுமா?

6.53 – வசந்தி மாமி: கோணேசப் பெருமானே.

6.54 – கீதா: ரவி அண்ணா, தயவுசெய்து இதை உடனே நீக்குங்கள். என்னுடைய போன் நிதுஷனின் கையில் இருந்தது.

6.59 – கீதா: அவன் தரம் ஏழு படிக்கிற பிள்ளை. புட்டுச் சாப்பிட்டுக்கொண்டே முழுவதையும் பார்த்தான். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, தலைக்கவசம் எவ்வளவு தூரத்தில் போய்க் கிடக்கிறது என்று ஆராய்ந்துவிட்டு, "அம்மா, இதில் சத்தத்தை யாரோ எடுத்துவிட்டார்கள்" என்றான். பிறகு சம்பல் கேட்டான். காணொளியைவிட அந்தச் சம்பல்தான் எனக்குப் பயமாக இருந்தது.

7.01 – ரவி: பயம் வந்தால்தான் இளம்பிள்ளைகள் தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டுவார்கள். அறிவுரை கேட்டு இந்தக் குடும்பத்தில் யார் திருந்தியிருக்கிறார்கள்?

7.02 – கீதா: அவன் பயப்படவில்லை என்பதைத்தானே சொல்கிறேன்.

7.13 – சிவா பெரியப்பா: கீதா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒரே வகையான காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும்போது, முதல் தடவை படபடத்த நெஞ்சும் வியர்த்த உள்ளங்கையும் அடுத்தடுத்த தடவைகளில் அந்த அளவுக்கு அசைவதில்லை. இந்த இயல்பை மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950களில் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினார். எதையாவது கண்டு அளவுக்கு மீறி அஞ்சுகிறவர்களை அமைதியான நிலையில் இருத்தி, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக அறிமுகப்படுத்தி, அச்சத்தைக் கரைத்தார். அங்கே மருத்துவர் அளந்து கொடுத்ததை, இங்கே போன் அளவில்லாமல் ஊட்டுகிறது. 1974இல் டிராப்மன், தோமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு அடிதடி நிறைந்த படத்தைக் காட்டிவிட்டு, பக்கத்து அறையில் இருக்கும் சின்னப் பிள்ளைகளைத் திரையில் கவனிக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். சின்னவர்கள் சண்டை பிடிக்கத் தொடங்கியபோது, படம் பார்த்தவர்கள் பெரியவர்களைக் கூப்பிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். 2009இல் புஷ்மன், அண்டர்சன் ஆகியோர் 320 மாணவர்களை 20 நிமிடம் கணினி விளையாட்டு ஆடவைத்து, கதவுக்கு வெளியே ஒருவன் அடிபட்டு முனகுவதுபோல நடிக்கச் செய்தார்கள். உதவ முன்வந்தவர்களில், வன்முறையற்ற விளையாட்டு ஆடியவர்கள் சராசரியாக ஏறத்தாழ 16 வினாடியில் எழுந்தார்கள்; வன்முறை விளையாட்டு ஆடியவர்களுக்கு 73 வினாடி ஆனது.

7.14 – சுதன்: பெரியப்பா வகுப்பைத் தொடங்கிவிட்டார். யாரும் பின்வாங்கில் நித்திரை கொள்ளக் கூடாது.

7.15 – வசந்தி மாமி: அண்ணா, வடை.

7.23 – தர்சினி: அப்பா, அந்த ஆய்வுகளை எல்லா உளவியலாளர்களும் ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளவில்லை. விளையாட்டும் படமும் ஆளை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதில் இன்றைக்கும் அவர்களுக்குள் வாக்குவாதம் நடக்கிறது. வேறொரு பக்கமும் இருக்கிறது. 2013இல் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு செய்த ஆய்வு ஒன்றில், அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் செய்திகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் நின்றவர்களைவிட அதிகமான மன அழுத்தம் இருந்தது. ஆகவே பார்க்கிற எல்லோரும் மரத்துப்போகிறார்கள் என்றில்லை. சிலர் உள்ளுக்குள் நோயாகிறார்கள். விபத்துப் பிரிவில் நாங்கள் இதைவிட மோசமானதைக் கையால் தொடுகிறோம். அந்த நேரத்தில் அழுகை வருவதில்லை, ஏனென்றால் கை நடுங்கினால் ஊசி ஏறாது. வீட்டுக்கு வந்து ரிவியில் நாய் செத்தால் அழுகிறேன்.

7.24 – சுதன்: அதற்கு நான் சாட்சி.

7.29 – ரொறன்ரோ சித்தப்பா: தர்சினி சொன்ன பொஸ்டன் விடயத்தை நாங்கள் முன்னமே அனுபவித்துவிட்டோம். 2009இன் முதல் ஐந்து மாதமும் போர் நடந்த வன்னியிலிருந்து வந்த படங்களுக்கு முன்னால்தான் விடிந்தது, அதற்கு முன்னால்தான் பொழுதுபட்டது. வேலைக்குப் போன இடத்தில் கழிவறைக்குள் நின்றும் பார்த்தேன். ஒரு கட்டத்தில் எது நேற்றைய படம், எது இன்றைய படம் என்று பிரிக்க முடியாமல், முகங்களை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் வாசிக்கத் தொடங்கினேன். மே 10ஆம் திகதி எங்கள் சனம் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி, குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வீதியை மறித்து உட்கார்ந்தது. அதனால் அங்கே எதுவும் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வந்தது.

7.31 – வசந்தி மாமி: அப்பாவின் செத்தவீட்டை நேரலையில் பார்த்ததையும் சேர்த்து எழுதும், தம்பி.

7.32 – ரொறன்ரோ சித்தப்பா: அக்கா, லீவு கிடைக்காத கதை உங்களுக்குத் தெரியாததல்ல.

7.32 – சுதன்: நேரலைக்கு ஆள் பிடித்தது நான் என்பதையும், அந்தக் காசு இன்னும் வரவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

7.44 – சிவா பெரியப்பா: தம்பி சொன்னதற்குள் நான் சொல்ல நினைத்தது இருக்கிறது. பார்ப்பதால் மட்டும் மனம் மரத்துப்போவதில்லை என்பது என் எண்ணம். பார்த்துவிட்டு எதுவும் செய்யத் தேவையில்லாமல் இருப்பதே அதிகம் மரத்துப்போகச் செய்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பிறகு நான் நிலாவெளிப் பக்கம் போனேன். வீதியோரத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. ஒரு வயதான மனிசி, தன் வீட்டுச் சுவர் விழுந்து கிடக்க, கொடியில் எப்படியோ தப்பித் தொங்கிய சாறத்தை இழுத்து வந்து அந்த உடலை மூடினார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் ஓட்டுத் துண்டு வைத்தார். எங்களைப் பார்த்து, "நிற்காதையுங்கோ, ஆரெண்டு விசாரியுங்கோ" என்றார். யுத்த காலம் முழுவதும் இப்படித்தான் இருந்தது. ஓர் உடலைக் கண்டால் மூட வேண்டும், தூக்க வேண்டும், அந்த வீட்டுப் படலையைப் போய்த் தட்ட வேண்டும். அதனால் நாங்கள் இறுகினோம்தான். ஆனாலும் அந்த இறுக்கம் ஒரு வேலைக்குப் பயன்பட்டது. உப்புவெளிப் பிள்ளையைப் பார்த்த நம்மில் ஒருவருக்கும் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. சுதன் ஒருவன்தான் யாருடைய பிள்ளை என்று கேட்டான்.

7.46 – சுதன்: அறியும் ஆவலில் கேட்டேன் பெரியப்பா. பெருமை வேண்டாம்.

7.53 – ரவி: அப்படியென்றால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று படைத்தரப்பு முதலில் சொன்னது. பிணவறைக்குள் போய் ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள்தான் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை உலகத்துக்குக் காட்டின. அந்த மாதம் 24ஆம் திகதி அவரையும் இதே ஊரில் சுட்டுக் கொன்றார்கள். பிணத்தின் படம் கூடாது, பார்த்தால் மரத்துப்போகும் என்று அன்றைக்கு எல்லோரும் கண்ணை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

7.54 – கீதா: அதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள், அண்ணா.

7.55 – ரொறன்ரோ சித்தப்பா: ரவி கேட்பதில் ஞாயம் இருக்கிறது.

8.06 – சிவா பெரியப்பா: இருக்கிறது. சுகிர்தராஜனுடைய படம் ஒரு பொய்யை மறுத்தது. அதைப் பார்த்தவர்களுக்குக் கேட்க ஒரு கேள்வியும், அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடமும் இருந்தன. இந்தக் காணொளி எதை மறுக்கிறது? 2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசலில் கொலைகாரன் தானே நேரலை செய்தபோது, அதை நேரடியாகப் பார்த்தவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. முதல் 24 மணி நேரத்தில் 15 இலட்சம் பிரதிகளை நீக்கியதாக முகநூல் நிறுவனமே அறிவித்தது. அத்தனை பிரதியையும் கொலைகாரன் அனுப்பவில்லை. பார்த்தவர்களும் பார்க்க விரும்பியவர்களும் அனுப்பினார்கள். அந்த உப்புவெளிப் பெடியனுடைய தாய் இப்போது எந்தக் குழுவில் இருக்கிறாரோ தெரியாது. பொலிஸ் வீட்டுக்கு வருமுன் காணொளி வந்திருக்கலாம்.

8.07 – வசந்தி மாமி: அண்ணா, அதைச் சொல்லாதீர்கள்.

8.09 – [குழு நிர்வாகி சிவா பெரியப்பா இந்தச் செய்தியை நீக்கினார்]

8.10 – ரவி: நானே அழித்திருப்பேன். எல்லோரும் பேசி முடிப்பதற்குள் நீங்களே முடிவெடுத்துவிட்டீர்கள். பின்வளவுக் காணியிலும் இப்படித்தான் நடந்தது.

8.11 – சுதன்: காணி வந்துவிட்டது. இனி வடை வராது.

8.16 – தர்சினி: கீதா, குழுவில் அழித்தாலும் படத்தொகுப்பில் கிடக்கலாம், அங்கே போய்ப் பார். அமைப்புகளில் சேமிப்பும் தரவும் என்ற பகுதிக்குள் தானாகத் தரவிறங்குவதை நிறுத்திவிடு. நிதுஷன் சம்பல் கேட்டதை வைத்து அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று தீர்ப்பு எழுதாதே. அந்த வயதுப் பெடியன்கள் அதிர்ந்ததை மறைக்கவும் இப்படிப் பேசுவார்கள். இன்றைக்குக் கேட்காதே, நாளை ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, அந்த அண்ணாவைப் பற்றி என்ன நினைத்தான் என்று சும்மா கேட்டுப் பார். நித்திரை குழம்பினாலோ, வீதியைக் கடக்கப் பயந்தாலோ எனக்குச் சொல். 1926க்கு அழைத்தும் பேசலாம். அது மனநல உதவிக்கான இலக்கம்.

8.18 – கீதா: சரி அக்கா. இப்போது தலைக்கவசப் பட்டி எப்படிப் பூட்டுவது என்று தகப்பனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

8.18 – ரவி: பார்த்தீர்களா?

8.19 – கீதா: அவனுக்கு ஓட்டச் சைக்கிள்கூட இல்லை, அண்ணா.

8.24 – லண்டன் மச்சாள்: வணக்கம், இப்போதுதான் வேலை முடிந்தது. என்ன காணொளி அது? யாராவது எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

8.24 – சுதன்: பெரியப்பா, இன்னொரு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது.

8.31 – சிவா பெரியப்பா: இனிமேல் இக்குழுவில் விபத்து, பிணம், அடிதடி ஆகியவற்றின் காணொளி போடுவதானால் முதலில் எழுத்தில் என்னவென்று சொல்லி, யாருக்காவது அதனால் செய்ய வேண்டிய காரியம் உண்டா என்பதையும் எழுத வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

8.33 – ரவி: யார் தீர்மானிப்பது?

8.34 – ரொறன்ரோ சித்தப்பா: வாக்கெடுப்பு வைக்கலாம்.

8.35 – வசந்தி மாமி: கடைசியாக வாக்கெடுப்பு வைத்தபோது இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். அதை ஞாயிறு நேரில் பேசுங்கள். நினைவு மலருக்கு அப்பா பெட்டியில் படுத்திருக்கும் படத்தைத்தான் முன்னால் போட வேண்டும். அந்த முகத்தில் அவ்வளவு அமைதி.

8.36 – கீதா: மாமி, பிள்ளைகள் அந்த மலரைக் கையில் வைத்திருக்கப்போகிறார்கள்.

8.37 – வசந்தி மாமி: அப்பப்பாவைப் பார்த்துப் பிள்ளைகள் ஏன் பயப்பட வேண்டும்? நாங்கள் எல்லோரும் நெற்றியைத் தொட்டு முத்தமிட்டுத்தானே அனுப்பினோம்.

8.39 – தர்சினி: அதில் மாமி சொல்வதோடு நான் உடன்படுகிறேன். ஆனால் முன்பக்கத்தில் வேண்டாம்.

8.40 – சுதன்: அச்சகத்தில் நாளை பத்து மணிக்கு முன் படம் கேட்கிறார்கள். நான் இரண்டையும் கொண்டுபோகிறேன். அதற்குள் யாராவது ஒரு முடிவு சொல்லுங்கள்.