கேரவன் டயர் வெடிச்சிடுச்சு, அடுத்து எதை நம்பி போடுறது?

பிறை_கேரவன்:

வணக்கம் எல்லாருக்கும். பட்டர்வொர்த்துல இருக்கேன். போன வருசம் ஒரு செகண்ட் ஹேண்ட் கேரவன் வாங்கினேன், ஒத்த அச்சு, ரெண்டே சக்கரம், டீசல் பிக்கப்புல இழுக்கிறேன். உள்ள கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணி டேங்க், சின்ன ஏர்கோன் எல்லாம் இருக்கு.

போன ஸ்கூல் லீவுக்கு பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க, அம்மா எல்லாரும் பிக்கப்புல, பின்னால கேரவன், சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலை ஏறிடலாம்னு கிளம்பினோம். கோலகங்சார் தாண்டி மெனோரா டன்னல் ஏறி இறங்கி ஈப்போவ நெருங்குற நேரம், மதியம் ரெண்டு மணி இருக்கும், நல்ல வெயில், பின்னால டமார்னு ஒரு சத்தம். கண்ணாடியில பாத்தா கேரவன் இடது பக்கமா சாஞ்சு ஆடுது. பிரேக்க அழுத்தாம எண்ணெய் காலை மட்டும் எடுத்து, ஸ்டேரிங்க இறுக்கி பிடிச்சி மெதுவா எமர்ஜென்சி லேனுக்கு கொண்டு போயிட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல, முருகன் புண்ணியம். ஆனா கிழிஞ்ச ரப்பர் சக்கரத்து மேல உள்ள தகட்டை அடிச்சி உடைச்சி, லைட் வயரை அறுத்து, கேஸ் பைப்புக்கு ஒரு சாண் தள்ளி வரைக்கும் கிழிச்சி வச்சிருக்கு. அதை பாத்ததுல இருந்து எனக்கு சரியா தூக்கம் இல்ல.

வெடிச்ச டயர் 185/70ஆர்14, பக்கத்துல 88னு போட்டிருக்கு. டயர் பூவெல்லாம் (ரோட்டுல படுற பக்கத்து வெட்டு) இன்னும் ஆழமாத்தான் இருந்துச்சு, அதனால நான் சந்தேகமே படல. காத்து காடிக்கு, அதாவது சாதா காருக்கு, போடுற மாதிரி 35 பிஎஸ்ஐதான் போட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப ஒரு கடையில அதே சைஸ் காடி டயரே போடலாம்ங்கிறாங்க, இன்னொரு கடையில வேனுக்கு போடுற 185ஆர்14சி போடுங்கிறாங்க, வெளிநாட்டுக்காரங்க பேசுறத பாத்தா டிரெய்லருக்குன்னே செய்யிற எஸ்டி டயர்தான் போடணும்ங்கிறாங்க. எது சரி? வலது பக்க டயர் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணு மட்டும் மாத்தினா போதுமா?

செந்தூல்_டயர்க்காரன்:

தம்பி, பிரேக் அடிக்காம விட்டீங்களே, அதுதான் எல்லாரையும் காப்பாத்துச்சு. நான் கேஎல்ல டயர் வேலையில 20 வருசத்துக்கு மேல இருக்கேன், உங்க கேள்விக்கு பதில் டயர் கடையில கிடையாது, எடை போடுற எடத்துல இருக்கு. கேரவன் எத்தனை கிலோன்னு சொல்லாம எந்த டயர் நல்லதுன்னு கேட்டா கடைக்காரர் கையில இருக்கிறதைத்தான் கொடுப்பாரு.

நீங்க சொன்ன 88 இருக்கே, அது அந்த ஒரு டயர் தாங்குற எடைக்கான நம்பர். 88னா 560 கிலோ. அது காடிக்கு சொன்ன கணக்கு. காடி டயரை டிரெய்லர்ல போட்டா அந்த எடையை 1.1 ஆல வகுக்கணும்னு அமெரிக்காவுல விதியே வச்சிருக்காங்க, அப்படி பாத்தா உங்க டயர் ஒண்ணுக்கு சுமார் 509 கிலோதான். ரெண்டு சக்கரத்துக்கும் சேத்து ஆயிரத்து சொச்சம். கட்டில், அடுப்பு, ஏர்கோன், தண்ணி எல்லாம் உள்ள ஒரு கேரவன் அதுக்குள்ள நிக்கும்னு எனக்கு தோணல. முன்னால வச்சிருந்தவரு மலிவா கிடைக்குதுன்னு காடி டயரை மாட்டி வித்துட்டாருன்னு நினைக்கிறேன்.

பழைய இரும்பு வாங்குற கடையில லோரி ஏத்தி எடை போடுற திம்பாங் (தராசு) இருக்கும், செம்பனை பழம் வாங்குற எடத்துலயும் இருக்கும், சின்ன காசு கொடுத்தா போட்டு தருவாங்க. லீவுக்கு போற மாதிரியே எல்லா சாமானும் ஏத்தி, தண்ணி டேங்க் ரொப்பி, கேஸ் தோம்பையும் வச்சி கொண்டு போங்க. பிக்கப்ப கழட்டாதீங்க. கேரவன் சக்கரம் ரெண்டு மட்டும் தட்டு மேல நிக்கிற மாதிரி ஒரு தடவை, அப்புறம் இடது சக்கரம் மட்டும் மேல ஏறுற மாதிரி ஒரு தடவை போடுங்க. ரெண்டு பக்கமும் சமமா இருக்கும்னு நினைக்காதீங்க, அடுப்பும் டேங்கும் ஒரே பக்கம் இருந்தா அந்த பக்கத்து டயர்தான் பாவம்.

தோசைவண்டி_அக்கா:

தம்பி படிச்சதும் நெஞ்சு பதறிடுச்சு, பிள்ளைங்க பின்னால பாத்தாங்களா பாவம். நான் செத்தாபாக் பக்கம் டிரெய்லர்ல தோசை கடை போடுறேன், பாசார் மாலாம்ல, ராத்திரி சந்தையில. என் வண்டி வாரத்துல அஞ்சு நாள் ஒரே எடத்துல வெயில்ல நிக்கும், ஓடுறது கொஞ்சம்தான். நானும் பூ இருக்கே பூ இருக்கேன்னு ஆறு வருசம் ஓட்டுனேன். ஒரு நாள் கழுவும்போது குனிஞ்சு பாக்குறேன், பக்கவாட்டு ரப்பர்ல காஞ்ச வயல் மாதிரி வெடிப்பு. டிரெய்லர் டயர் தேஞ்சி சாகிறது கம்மி, வயசாகித்தான் சாகுது, அதனால பூவை பாத்து நம்பிடாதீங்க.

டயர் பக்கத்துல டிஓடினு ஒரு எழுத்து வரிசை இருக்கும், அதுல கடைசி நாலு நம்பரை பாருங்க. 2319னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். சில டயர்ல அந்த நாலு நம்பர் ஒரு பக்கம்தான் இருக்கும், அது உள் பக்கமா மாட்டியிருந்தா தெரியாது, அடியில போய் டார்ச் அடிச்சி பாக்கணும். நான் ஆன்லைன்ல புதுசுன்னு வாங்கினது வந்து சேந்தப்போ பாத்தா செஞ்சு மூணரை வருசம் ஆயிருந்துச்சு, ரப்பர்ல மெழுகு போட்ட மாதிரி பளபளன்னு இருந்துச்சு, யாரா இருந்தாலும் ஏமாந்துடுவோம். அதுக்கு அப்புறம் கடையில நேரா போய் நம்பரை பாத்துட்டுத்தான் மாட்டவே சொல்றது. பிரிட்டன்ல கேரவன் வச்சிருக்கிறவங்களுக்கு 5 வருசத்துல மாத்திடுங்க, 7 வருசத்தை தாண்டவே கூடாதுன்னு சொல்றாங்க. அங்க குளிருக்கே அப்படின்னா நம்ம ஊர் வெயிலுக்கு நான் 5ஐ தாண்ட மாட்டேன்.

அந்த வலது பக்க டயரையும் பாருங்க தம்பி. ரெண்டும் ஒண்ணா வாங்கினதா இருந்தா ரெண்டுக்கும் ஒரே வயசுதான்.

ரவாங்_இழுவை:

எஸ்டி டயர் பத்தி யாரும் பேசலையே. நான் ரெட்டை அச்சு கேரவன் வச்சிருக்கேன், எஸ்டிதான் போட்டிருக்கேன். அது டிரெய்லருக்குன்னே செய்யிறது, பக்கவாட்டு சுவர் கெட்டியா இருக்கும், அதே சைஸ் காடி டயரை விட நிறைய எடை தாங்கும். 205/75ஆர்14 லோட் ரேஞ்ச் டி (எடை தாங்குற தரத்துக்கான எழுத்து) எடுத்தீங்கன்னா 65 பிஎஸ்ஐல 925 கிலோ. ரெட்டை அச்சுல யூ டர்ன் எடுக்கும்போது சக்கரம் பக்கவாட்டுல இழுபடும், அப்ப இந்த கெட்டி சுவர்தான் கை கொடுக்கும். ஒரு காலத்துல எஸ்டி டயர் பேர் கெட்டு போயிருந்துச்சு, வெடிக்குதுன்னு அமெரிக்காவுல ஒரே புலம்பல், அதுவும் பழைய எஸ்டி எல்லாம் மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டருக்கு மேல போக கூடாதுன்னு செஞ்சது. 2017ல குட்இயர் எண்டியூரன்ஸ்ங்கிற எஸ்டி டயர் வந்த பிறகு நிலைமை மாறுச்சு, அதுக்கு வேக எழுத்து 'N', மணிக்கு 140 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும். நானே 85ஐ தாண்டி போக மாட்டேன், ஆனா டயருக்கு அந்த இடைவெளி இருக்கிறது நல்லது.

செந்தூல்_டயர்க்காரன்:

அண்ணே எஸ்டி நல்ல சாமான்தான், மறுக்கல, ரெட்டை அச்சுக்கு நீங்க சொல்றது ரொம்ப சரி. ஆனா நம்ம நாட்டுல அதை தேடி பிடிக்கணும், வரவழைச்சா கப்பல்ல வந்து ஸ்டோர்ல கிடந்து எத்தனை மாசம் ஆயிருக்கும்னு பாக்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தாப்பாவுலயோ கம்பார்லயோ டயர் போச்சுன்னா எந்த கடையில எஸ்டி இருக்கும் சொல்லுங்க? 185ஆர்14சி பழைய வேன் டயர் சைஸ், சின்ன டவுன் கடையிலயும் கேக்கலாம். என் கண்ணுக்கு, எடை தாங்குற டயர்ல வழியில கிடைக்கிற டயர்தான் நல்ல டயர்.

ரவாங்_இழுவை:

அது நியாயம்தான். நான் ஸ்பேர் ரெண்டு எடுத்துக்கிட்டு போறேன், அதனால எனக்கு அந்த கவலை வரல. ஒத்த அச்சுக்காரங்களுக்கு வேன் டயர்னா நானும் ஒத்துக்கிறேன்.

பிறை_கேரவன்:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை கூட்டாளி ஒருத்தரோட பழைய இரும்பு கடையில எடை போட்டேன். சக்கரம் ரெண்டும் சேத்து 1,380 கிலோ. இடது பக்கம் மட்டும் 720. எனக்கு கை கால் உதறிடுச்சு. 509 தாங்குற டயர் மேல 720 கிலோவ வச்சி, அதுலயும் 35 பிஎஸ்ஐ காத்தோட, குடும்பத்தை கூட்டிக்கிட்டு மலை ஏற போயிருக்கேன். தண்ணி டேங்க், அடுப்பு, பேட்டரி மூணும் இடது பக்கம்தான். வலது டயர் நம்பர் பாத்தேன், 1416. அப்படின்னா 2016. வெடிச்சதும் அதே.

185ஆர்14சி 8பிஆர் (டயர் பலத்துக்கான குறி) ரெண்டு பாத்து வச்சிருக்கேன், பக்கத்துல 102/100னு போட்டிருக்கு. சரியா இருக்குமா? காத்து எவ்வளவு?

செந்தூல்_டயர்க்காரன்:

102னா 850 கிலோ, உங்க மாதிரி ஒரு பக்கத்துக்கு ஒத்த சக்கரம்னா முதல் நம்பரை பாக்கணும், ரெண்டாவது 100 லோரி மாதிரி ஜோடி சக்கரத்துக்கு. 720க்கு 850 இருந்தா 15 சதவீதம் மிச்சம், அது போதும், ஆனா அதுக்கு மேல அரிசி மூட்டை ஏத்தாதீங்க. இன்னும் நிம்மதி வேணும்னா 195ஆர்14சி 106 பாருங்க, 950 கிலோ, ஆனா ரிம் அகலம் ஒத்து வருதான்னு கடையில அளந்து பாக்க சொல்லுங்க. முடிஞ்சா பேட்டரிய வலது பக்கம் மாத்துங்க, டேங்க்ல அரை தண்ணியோட போங்க, போற எடத்துல ரொப்பிக்கலாம்.

மாட்டுறதுக்கு முன்னால மூணு விசயம் பாத்துடுங்க, இதை நான் கெஞ்சி கேக்குறேன். இந்த வேன் டயர் உங்க பழைய டயரை விட உயரம், குறுக்களவுல மூணரை சென்டிமீட்டர் கூட வரும், அப்ப மேல தகட்டுக்கும் டயருக்கும் நடுவுல உள்ள எடம் அதுல பாதி, ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர், குறையும். குழியில விழுந்தா உரசுமான்னு சாமான் ஏத்தி வச்சி அளந்து பாருங்க. ரெண்டாவது ரிம், எவ்வளவு எடை தாங்கும்னு அதுலயே குத்தியிருக்கும், டயர் 850 தாங்கி ரிம் தாங்கலன்னா பிரயோஜனம் இல்ல. மூணாவது வால்வு, காடிக்கு போடுற சாதா ரப்பர் வால்வுக்கு 65 பிஎஸ்ஐதான் எல்லை, நீங்க அந்த எல்லையிலயே ஓட்ட போறீங்க, அதனால நட்டு போட்டு இறுக்குற இரும்பு வால்வு போட சொல்லுங்க. விலை ஒண்ணும் பெருசு இல்ல.

காத்து டயர் பக்கத்துல எழுதியிருக்கிற அதிகபட்சம், இந்த டயருக்கு 65 பிஎஸ்ஐ, எண்ணெய் கடை மெஷின்ல 450 கேபிஏ. காலையில ஓட்டுறதுக்கு முன்னால டயர் ஆறி இருக்கும்போது அடிக்கணும். காத்து குறைஞ்சா சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடிஞ்சி நிமிருது, அந்த மடிப்புலதான் சூடு ஏறுது, சூடு ஏறி ஏறி உள்ள உள்ள அடுக்கு ஒண்ண விட்டு ஒண்ணு பிரிஞ்சி வெடிக்குது. உங்களுக்கு நடந்தது அதுதான். ஓடி வந்த பிறகு அளந்தா கூட காட்டும், பயந்து காத்த இறக்கிடாதீங்க, அது தப்பு. செலுப் டயரும் (பழைய டயர் மேல புது ரப்பர் போட்டது) செகண்ட் டயரும் சும்மா கொடுத்தாலும் வேணாம்.

தோசைவண்டி_அக்கா:

நட்டையும் சொல்லுங்க அண்ணே. புது சக்கரம் மாட்டி ஒரு 80 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப இறுக்கணும் தம்பி, எனக்கு ஒரு தடவை ரெண்டு நட்டு கையால சுத்துற அளவுக்கு லூசா இருந்துச்சு. வீட்டுல நிக்கிறப்போ சக்கரத்துக்கு துணி மூடி போடுங்க, மாசத்துக்கு ரெண்டு தடவை கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க.

பிறை_கேரவன்:

மாட்டியாச்சு. 195 ரிம்முக்கு ஒத்து வரலன்னு கடையில சொல்லிட்டாங்க, அதனால 185ஆர்14சி ரெண்டும் புதுசு, இந்த வருசம் 8ஆவது வாரம் செஞ்சது, மாட்டுறதுக்கு முன்னாலயே கடைக்காரர்கிட்ட நம்பரை காட்ட சொன்னேன், அவரும் முகம் சுளிக்காம காட்டினாரு. இரும்பு வால்வு போட்டாச்சு, பேட்டரி வலது பக்கம் போயிடுச்சு, திரும்ப எடை போட்டேன், இடது 690. தகட்டுக்கும் டயருக்கும் நடுவுல நாலு விரல் எடம் இருக்கு.

நேத்து காலையில ரெண்டாவது பாலத்துல பத்து காவான்ல இருந்து தீவுக்கு போய் திரும்பி வந்தேன், 80ல. இறங்கி ரெண்டு டயரையும் தொட்டு பாத்தேன், ரெண்டும் ஒரே சூடு, வெதுவெதுன்னுதான். வீட்டுக்கு வந்து நட்டு இறுக்கினேன், ஒண்ணு கால் சுத்து ஏறுச்சு. அம்மா இன்னும் கேரவன் பின்னால வர்றதுன்னா பயப்படுறாங்க.

ஒரே ஒரு கேள்வி மிச்சம், ஸ்பேர் டயர் பழைய காடி டயர்தான் தொங்குது, அதையும் மாத்தணுமா?

செந்தூல்_டயர்க்காரன்:

மாத்தணும் தம்பி, அதே 185ஆர்14சி, அதே வால்வு, அதே 65. ஸ்பேரும் வெளியிலதான் தொங்குது, அதுக்கும் வயசாகுது. அம்மாவ அடுத்த வாரம் பக்கத்துல எங்கயாவது கூட்டிட்டு போய் வாங்க, நடுவுல நிறுத்தி டயரை அவங்களையே தொட்டு பாக்க சொல்லுங்க.