பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த வழக்கு அம்பை கோர்ட்டில்: அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவானா?

கல்லிடைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கை வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் பஸ் இறங்கி வீட்டுக்கு வருவாள். 2024 ஆகஸ்டில் ஒருத்தன் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் பின்னாலேயே வருவது, நம்பரை எங்கிருந்தோ வாங்கி ராத்திரி பகலாக மெசேஜ் போடுவது என்று ஆரம்பித்தான். பின்னால் வராதே என்று அவளே நேரில் சொல்லியும் நிற்கவில்லை. ஸ்டேஷனில் முதலில் சிஎஸ்ஆர் (புகார் வாங்கியதற்கான ரசீது) மட்டும் போட்டு, பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள், அலைந்து திரிந்து அப்புறம்தான் எஃப்ஐஆர், பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம்) 78ஆம் பிரிவு, பெண்ணைப் பின்தொடர்வதற்கானது. அன்றைக்கே ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். இப்போது குற்றப்பத்திரிகை தாக்கலாகி தங்கைக்கு சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. பையன் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதுகிறான், வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவன் மாமாவும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வருகிறார்கள். எப்படியும் அபராதம்தான், அதற்கு எதற்குப் பெண்பிள்ளையைக் கோர்ட் படி ஏற்றுகிறீர்கள் என்கிறார்கள். உண்மையிலேயே அபராதம்தானா? வாபஸ் வாங்க முடியுமா?

பாளை குமாஸ்தா:
தம்பி, பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். முதலில் அந்த வாபஸ் பேச்சு. குற்றப்பத்திரிகை போட்ட பிறகு வழக்கு அரசாங்கத்துடையது, உங்கள் தங்கை வாபஸ் வாங்க வழியே கிடையாது. 78ஆம் பிரிவு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலிலும் இல்லை. அவர்கள் கேட்பது, தங்கை கூண்டில் ஏறி இவனை எனக்குத் தெரியாது என்று பிறழ்சாட்சியாக மாற வேண்டும் என்பதைத்தான். மாஜிஸ்திரேட் முன்னால் ஏற்கெனவே பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 183ஆம் பிரிவில் வாக்குமூலம் கொடுத்திருந்தால் அதற்கு நேர்மாறாகச் சத்தியம் பண்ணிச் சொல்வது அவளுக்கே ஆபத்து, இதை அந்தப் பெரியவர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து தண்டனை. முதல் தடவை என்றால் 3 வருடம் வரை சிறை, கூடவே அபராதம். அபராதத்தை மட்டும் போட்டு விட சட்டத்தில் இடமில்லை. ஆனால் குறைந்தபட்சம் இத்தனை நாள் என்றும் இல்லை. அதனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு வருகிறவனுக்கு கோர்ட் கலையும் வரை சிறை, இவ்வளவு ரூபாய் அபராதம் என்று சாயங்காலத்துக்குள் முடிவதும் உண்டு, ஊரில் "அபராதம்தான்" என்று பேசுவது இதைப் பார்த்துத்தான். சில வழக்குகளில் 1958ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தில் பத்திரம் எழுதி வாங்கிவிட்டு விடுவார்கள், 21 வயதுக்குக் கீழே என்றால் அதற்கு வாய்ப்பு அதிகம். முழு 3 வருடத்தை எதிர்பார்க்காதீர்கள். பேசித் தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் ப்ளீ பார்கெய்னிங் பெண்களுக்கு எதிரான குற்றத்தில் கிடையாது, அவன் வக்கீல் அப்படி ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்டனையைக் கூட்ட 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றினார்கள், ஆனால் உங்கள் சம்பவம் 2024, அன்றைக்கு இருந்த சட்டம்தான் பொருந்தும்.

சரி, சின்னத் தண்டனைக்கு எதற்கு இந்தப் பாடு என்றால், குற்றவாளி என்று ஒரு தடவை தீர்ப்பு வந்துவிட்டால் மறுபடி அதே வேலையைச் செய்து தண்டனை பெறும்போது அது 5 வருடம் வரை, ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது. முதல் தடவை ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால்தான் அன்றைக்கே வெளியே வந்தான். நீங்கள் இப்போது விட்டுக்கொடுத்தால் அடுத்த முறையும் அவனுக்கு முதல் தடவைதான்.

நாங்குநேரி நண்பன்:
குமாஸ்தா சொல்வது சட்டம், நான் சொல்வது நடைமுறை. வாய்தா வாய்தாவாக இழுக்கும், பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிற நேரத்தில் இது தேவையா? ஹைகோர்ட் மதுரைக் கிளையில் மனுப் போட்டு வழக்கை ரத்து பண்ணிக்கொள்ளலாமே, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் முடித்துவிடுவார்கள்.

வள்ளியூர்க்காரி:
நண்பரே, கல்யாணத்தைக் காட்டித்தான் என் சித்தி மகளையும் அடக்கினார்கள். ஸ்டேஷனிலேயே இனிமேல் வரமாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கி, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வைத்து அனுப்பினார்கள். கொஞ்ச நாள்தான், அப்புறம் அவள் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்து நின்றான். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனால் இது வழக்கே இல்லையே, புதிதாகப் புகார் கொடுங்கள் என்றார்கள். கடைசியில் வேலையை விட்டது அவள்தான். உச்ச நீதிமன்றமே 2021இல் அபர்ணா பட் வழக்கில், இந்த மாதிரிக் குற்றங்களில் சமரசம் பண்ணு, கல்யாணம் பண்ணிக்கொள் என்றெல்லாம் கோர்ட்டுகள் யோசனை சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. கோர்ட்டே சொல்லக்கூடாததை ஊர்ப் பெரியவர்கள் எந்த உரிமையில் வந்து சொல்கிறார்கள்?

பாளை குமாஸ்தா:
மதுரைக் கிளையில் ரத்து கேட்கலாம் என்பது சரிதான், ஆனால் அதற்குத் தங்கை தானே விரும்பிச் சம்மதிக்க வேண்டும், அது கட்டாயத்தில் வந்த சம்மதமா என்று நீதிபதி பார்ப்பார், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதற்காக ரத்து செய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அவளுக்கு விருப்பமில்லை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

கல்லிடைக்காரன்:
அவளுக்கு விருப்பமில்லை, சாட்சி சொல்கிறேன் என்கிறாள். மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இருக்கிறது, அது போதுமா? அவன் ஆட்கள் திரும்பத் திரும்ப வருவதை என்ன செய்வது?

பாளை குமாஸ்தா:
பிள்ளை தைரியமாக இருப்பதே பெரிய விஷயம். இந்தப் பிரிவில் நிரூபிக்க வேண்டியது இரண்டு: திரும்பத் திரும்ப வந்தான் என்பது, இவள் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டியும் வந்தான் என்பது. எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டாவதைத்தான் குடைவார், என்றைக்கு, எந்த இடத்தில் வராதே என்று சொன்னாள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அவள் ஞாபகமாகச் சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோடு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவில் மின்னணு ஆதாரத்துக்குக் கொடுக்கும் சான்றிதழ் இருக்கிறதா என்று உதவி அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள், பழைய சட்டத்தின் 65பி என்றால் அவருக்கு உடனே புரியும். போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். தீர்ப்பில் பிஎன்எஸ்எஸ் 395ஆம் பிரிவின் கீழ் இழப்பீடும் கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை.

வீட்டுக்கு வந்து கெஞ்சுவது வேறு. சாட்சியை மாற்றிச் சொல் என்று மிரட்டினால் பிஎன்எஸ் 232, 7 வருடம் வரை போகும், வந்த தேதியையும் பேசியதையும் எழுதிவைத்து ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். தனியாக வக்கீல் வைக்கக் காசு இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகத் தருவார்கள், 15100க்குப் பேசுங்கள். சாட்சி சொல்லும் அன்று பத்து மணிக்கே அம்பை கோர்ட்டுக்குப் போய் அரசு வழக்கறிஞரைப் பாருங்கள், புகார் நகலை முதல்நாள் ராத்திரி தங்கை ஒரு தடவை படித்துவிட்டு வரட்டும்.