ஆன்லைன் கிளாஸ்ல "எஸ் மேம்" மட்டும்தான் வருது, நீங்கல்லாம் எப்படி சமாளிக்கறீங்க?

சாயங்கால_வகுப்பு:
எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி பிசிக்ஸ் முதல் வருஷத்துக்கு ஆன்லைன்ல எடுக்கறேன், வாரம் மூணு நாள், சாயங்காலம் 7 மணி. 58 பேர். எல்லா கேமராவும் ஆஃப், எல்லாரும் மியூட், நான் மட்டும் ஒரு மணி நேரம் பேசிட்டே இருக்கேன், நடுவுல "புரியுதா"ன்னு கேட்டா நாலு பேர் சாட்ல "எஸ் மேம்"னு போடறாங்க, அவ்ளோதான். போன வாரம் டெஸ்ட் வச்சேன். நியூட்டனோட மூணாம் விதிய வார்த்தை மாறாம எழுதியிருக்காங்க, ஆனா லாரியும் பைக்கும் மோதினா எது மேல விசை அதிகம்னு கேட்டதுக்கு முக்கால்வாசி பேர் பைக் மேலன்னு எழுதியிருக்காங்க, ரெண்டு மேலயும் ஒரே விசைதானே. திருத்தும்போதே மனசு கஷ்டமாயிடுச்சு. பசங்கள சின்னச் சின்ன குழுவா பிரிச்சு விடற பிரேக்அவுட் ரூமும் போட்டுப் பாத்தேன், உள்ள போனா அஞ்சு பேரும் சத்தமே இல்லாம உக்காந்திருக்காங்க.

நெல்லை_வாத்தியார்:
மேடம், அந்த லாரி பைக் கேள்விய டெஸ்ட்டுக்கு வச்சிருக்காதீங்க, பாடம் நடத்தும்போதே கேளுங்க. ஹார்வர்ட்ல எரிக் மசூர்னு ஒரு பிசிக்ஸ் பேராசிரியர், அவர் பசங்களும் இப்படித்தான், பெரிய கணக்கெல்லாம் போட்டுடுவாங்க, சாதாரண கேள்வில மாட்டிக்குவாங்க. 1991ல அவர் முறையவே மாத்திட்டார். கேள்வி போடணும், எல்லாரும் தனியா யோசிச்சு ஓட்டு போடணும், விடைய நாம சொல்லவே கூடாது, பக்கத்துல இருக்கறவங்களோட பேசிட்டு திரும்ப ஓட்டு. முதல் ஓட்டுல பாதிக்குப் பாதி பேர் தப்பு பண்ற கேள்வியா இருந்தா ரொம்ப நல்லது, ரொம்ப கம்மி பேர் சரின்னா நீங்களே திரும்ப விளக்கிடுங்க. ஆன்லைன்ல முதல் ரிசல்ட்ட மறைச்சு வைங்க, இல்லன்னா கூட்டம் எந்தப் பக்கமோ எல்லாரும் அந்தப் பக்கம் சாஞ்சிடுவாங்க. ரூம்ல மூணு பேர், மூணு நிமிஷம் போதும். "டிஸ்கஸ் பண்ணுங்க"ன்னு பொதுவா சொன்னா யாரும் வாய் திறக்க மாட்டாங்க, "வேற விடை சொன்னவங்கள ஒத்துக்க வைங்க"ன்னு வேலை குடுத்து அனுப்புங்க.

செகண்ட்_இயர்:
மேம், நான் ஸ்டூடன்ட். கேமரா ஆன் பண்ணச் சொல்லி மட்டும் கட்டாயப்படுத்தாதீங்க ப்ளீஸ். எங்க வீட்ல ஒரே ரூம்தான், பின்னாடி அம்மா சமைச்சிட்டு இருப்பாங்க, தம்பி படுத்திருப்பான், மைக் ஆன் பண்ணா குக்கர் விசில்தான் முதல்ல கேக்கும். அதவிட பெரிய பயம் இங்கிலீஷ்ல பேசணுமேன்னு. எங்களுக்கு ஒரு மேம் தமிழ்லயே சொல்லுங்க, சாட்ல தங்கிலீஷ்ல அடிங்க, ஆனா நான் மூணு எண்ணற வரைக்கும் சென்ட் பண்ணாதீங்கன்னு சொல்வாங்க, மூணு சொன்னதும் எல்லார் பதிலும் ஒரே நேரத்துல கொட்டும், யாரும் யாரையும் பாத்து எழுத முடியாது. அந்த கிளாஸ்ல மட்டும்தான் நான் பேசியிருக்கேன்.

கணக்கு_டீச்சர்:
ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு வாரத்துல பசங்களே "மேம், நீங்களே நடத்திடுங்க, அதான் நல்லா புரியுது"ன்னு வருவாங்க, அப்ப விட்டுடாதீங்க. 2019ல ஹார்வர்ட் பிசிக்ஸ் வகுப்புல வந்த ஆய்வுல இதேதான் வந்துச்சு, தாங்களே போட்டுப் பழகின பசங்க டெஸ்ட்ல அதிக மார்க் வாங்கினாங்க, ஆனா கம்மியாத்தான் கத்துக்கிட்டோம்னு நினைச்சாங்க. மண்டைய உடைச்சுக்கறப்ப அப்படித்தான் தோணும், அத முதல் நாளே சொல்லிடுங்க. போர்ஷன் முடியாதேன்னு ஒரு பயம் வரும், எனக்கும் வந்துச்சு. வரையறை, நிரூபணமெல்லாம் சின்னச் சின்ன வீடியோவா முன்னாடியே அனுப்பிட்டு கிளாஸ் நேரத்த கேள்விக்கு வச்சுக்கிட்டேன், முடிஞ்சுது.

சாயங்கால_வகுப்பு:
நேத்து பண்ணிப் பாத்தேன்! வந்தது 41 பேர், முதல் ஓட்டுல 15 பேர்தான் ரெண்டு மேலயும் ஒரே விசைன்னு சொன்னாங்க. பேர் தெரியாத மாதிரி வச்சதால தயங்காம போட்டாங்க. ரூம்ல போய்ப் பாத்தா, இதுவரைக்கும் வாயே திறக்காத ஒரு பொண்ணு "விசை ஒண்ணுதான்டி, பைக்கோட வெயிட் கம்மி, அதான் அது தூக்கி அடிக்குது"ன்னு சண்டை போட்டுட்டு இருக்கா, நான் சத்தம் காட்டாம வெளிய வந்துட்டேன். ரெண்டாவது ஓட்டுல 34. தம்பி, உங்க மூணு எண்ணற ஐடியாவ நாளைக்குப் பண்றேன். அடுத்த வாரம் உராய்வு ஆரம்பிக்கறேன், பசங்க கண்டிப்பா தப்பு பண்ற மாதிரி கேள்வி இருந்தா போடுங்க.