பாஸ் ராக் கேனட் படங்கள்: கொஞ்சம் யோசனை வேண்டும்

நண்பர்களே, ஆகஸ்ட் கடைசி வாரம் எடின்பரோவிலிருந்து ரயிலில் ஸ்காட்லாந்துக் கடற்கரை ஊரான நார்த் பெரிக் போய் இரண்டு நாள் தங்கப் போகிறேன். பஃபின் என்ற கடற்பறவை மேல் ஆசை இல்லை, அதற்குள் அவை கடலுக்குப் போயிருக்கும். போன வருடம் அது தெரியாமல் போய் ஏமாந்தேன்.

எனக்கு வேண்டியது கேனட் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவை. அந்த ஊருக்கு எதிரே கடலில் இருக்கும் பாஸ் ராக் பாறையே கோடை முழுக்க அவற்றால் வெள்ளையடித்த மாதிரி இருக்கும். 2022 பறவைக் காய்ச்சலில் ஏராளமாக இறந்தன. தப்பியவற்றில் சிலவற்றுக்கு வெளிர்நீலக் கண் கறுத்துவிட்டது. அப்படி ஒன்றையாவது நெருக்கமாக எடுக்க வேண்டும்.

சிக்கல் இதுதான்: போன தடவை படகிலிருந்து எடுத்ததில் பாதிப் படங்களில் இறகு வெறும் வெள்ளைத் திட்டு. எக்ஸ்போஷரை எவ்வளவு குறைப்பீர்கள்? மீனுக்காகத் தலைகீழாகப் பாயும்போது 1/2000 நொடி போதுமா? கையில் இருப்பது 100-400 லென்ஸ்.

அப்புறம், அபர்லேடி விரிகுடாவில் எடுத்த ஒரு உள்ளான் படத்தையும் போட்டிருக்கிறேன். டன்லினா, சாண்டர்லிங்கா? டன்லினின் கோடைக்காலக் கறுப்பு வயிறு இதற்கு இல்லை, ஆனால் இளசாக இருந்தால் அதை வைத்துச் சொல்ல முடியாது. சாண்டர்லிங்குக்குப் பின்விரல் கிடையாது. நம்ம ஆளோ காலைச் சேற்றில் புதைத்துக்கொண்டு நிற்கிறார்! அங்கே ஓதம் ஏறும்போது போவது நல்லதா, வடியும்போதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.